வேர்நுனிக் கல்

ஆள் பெருத்தவள். வாசற்படி ஏறினாலே இளைக்கிற பருமன் இல்லை. இரண்டு பேர் சேர்ந்து தூக்கவேண்டிய கல்லை ஒற்றை ஆளாக இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடக்கிற பருமன். அப்படிப்பட்டவளுக்கு அருங்காட்சியகத்தில் விழுந்த பட்டப்பெயர் மெல்லிசு. கல்லாகிப்போன செடிகளை, அடியில் வைத்த எழுத்து தெரிகிற அளவுக்கு மெல்லிய தகடாகச் சீவி, கண்ணாடித் துண்டில் ஒட்டித் தருவது அவள் வேலை. ஒட்டியதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இன்னும் கொஞ்சம் மெல்லிசாக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்த வாட்ச்மேன்தான் முதலில் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார். அவளுக்குக் கோபம் வரவில்லை.

"பேராவது மெல்லிசா இருந்துட்டுப் போகட்டும்" என்று சிரித்தாள்.

புருஷன் கட்டட வேலையில் சாரம் சரிந்து செத்தபோது மகளுக்குப் பள்ளிக்கூட வயது. அழுதுகொண்டு உட்கார நேரமில்லை. மாடிப்படிக்கும் சமையல் மேடைக்கும் பலகைக்கல் அறுத்துத் தரும் பட்டறை ஒன்றில் போய் நின்றாள். முதலாளி அவள் கையைப் பார்த்துவிட்டு, பெருக்குகிற வேலைதான் இருக்கிறது என்றார். பெருக்கிக்கொண்டே பார்த்துப் பழகி, ஆள் வராத நாள் ஒன்றில் பிளேடைப் பிடித்தாள். பிறகு அவளிடமிருந்து யாரும் அதைத் திரும்ப வாங்கவில்லை. அந்தப் பட்டறைக்கு ஒருநாள் பெரிய கல்லைப் பிளக்கக் கொண்டுவந்தவர்தான் மேடம்.

மேடம் அருங்காட்சியகத்தில் புதைபடிவச் செடிகளின் பிரிவுக்குத் தலைவர். தலைவர் என்றால் ஒரு அறை, அந்த அறைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை, அவ்வளவுதான் ராஜ்ஜியம். கழுத்தில் கயிறு கட்டி ஒரு லென்ஸ் தொங்கும். எதைக் கொடுத்தாலும், டீத்தம்ளரைக் கொடுத்தாலும்கூட, ஒருமுறை கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்ப்பார். அலுவலகத்தில் முதுகுக்குப் பின்னால் பூதக்கண்ணாடி என்பார்கள். மெல்லிசு பிளந்து கொடுத்த கல்லின் முகத்தை அந்த லென்ஸால் வெகுநேரம் பார்த்துவிட்டு, "எங்ககிட்ட வேலைக்கு வர்றீங்களா?" என்று கேட்டார். பட்டறையின் இரைச்சலில் அவளுக்குக் காதில் விழவில்லை. இரண்டாம் முறை கேட்டபோது முதலாளிக்கும் கேட்டுவிட்டது. அதனால் அன்றைக்கே கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பவேண்டியதாயிற்று.

கொட்டகையில் முதல் தகட்டைச் சீவி முடித்த அன்று, மேடம் அவளை மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்தார்.

"என்ன தெரியுது?"

"தேன்கூடு மாதிரி இருக்கு."

"அந்த ஒவ்வொரு அறையும் ஒரு செல். செடி செத்ததும் உள்ளே மெத்துனு இருக்கிற சமாச்சாரம் எல்லாம் முதல்ல அழுகிடும். சுவர் மட்டும் மிஞ்சும். எல்லாரும் காலி பண்ணிட்டுப் போன வீடு மாதிரி. உலகத்துல கிடைக்கிற கல்லுல பெரும்பாலும் அப்படித்தான். இதுல பாருங்க, அறைக்கு நடுவுல..."

"புள்ளி வச்சிருக்கு."

"அதுதான் உட்கரு. செல்லோட உயிர்நாடி. அழுகுறதுக்கு முன்னாடியே கல்லாயிடுச்சு."

கல் வந்த மலை ஒருகாலத்தில் சதுப்பாக இருந்ததாம். பக்கத்தில் வெந்நீர் ஊற்று. மணற்சத்து கரைந்த கொதிநீர் திடீரென்று பொங்கி வந்து, நின்றுகொண்டிருந்த பெரணிச் செடிகளை மூழ்கடித்துவிட்டது. அந்த நீர் செல்லுக்குள் எல்லாம் புகுந்து, அப்படியே உறைந்து, கல்லாக இறுகிவிட்டது. மேடம் கையை ஆட்டி ஆட்டி இதைச் சொல்லி முடித்ததும் மெல்லிசு கேட்டாள்:

"அப்போ உயிரோட நிக்கிறப்பவே வெந்நீரை ஊத்தியிருக்கு?"

"அப்படித்தான்."

"அடப் பாவமே."

மேடம் அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தச் செடிக்காகப் பாவம் என்று சொன்ன ஆளை அவர் அதுவரை சந்தித்ததில்லை.

அதன்பின் இருவருக்கும் ஒத்துப்போய்விட்டது. சிநேகிதம் என்று சொல்ல முடியாது. ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனதில்லை. ஆனால் காலையில் மெல்லிசு வந்தாளா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மேடம் நாற்காலியில் உட்காருவார். மெல்லிசும் தகட்டைக் கொடுத்துவிட்டு நகராமல் நிற்பாள், தானும் ஒருமுறை பார்க்க. பட்டறையில் அறுத்த கல் எல்லாம் யார் வீட்டுச் சமையல் மேடையாகவோ போய்விட்டது. இங்கே அறுத்த கல்லுக்கு உள்ளே போய்ப் பார்க்க முடிந்தது. வீட்டில் மகளிடம் அதைச் சொல்லிப் பார்த்தாள். "கல்லுக்குள்ள என்னம்மா இருக்கும், கல்லுதான் இருக்கும்" என்று மகள் தட்டிவிட்டாள்.

மேடத்துக்கு ஒரு தீராத தலைவலி இருந்தது. வேறொரு பல்கலைக்கழகத்தில், அந்தத் துறையில் எல்லோரும் எழுந்து நின்று வணக்கம் வைக்கிற பெரிய பேராசிரியர் ஒருவர், மேடம் போட்ட படங்களைப் பார்த்துவிட்டு ஒரு கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் சிரித்தாராம். "அது உட்கருவும் இல்லை, ஒண்ணும் இல்லை. செல்லுக்குள்ள இருந்த கூழ் வத்திச் சுருண்டு உருண்டையா நிக்குது. உலர்ந்த திராட்சையைக் காட்டி இதுதான் விதைன்னா எப்படி?" என்று கேட்டாராம். சபையும் சேர்ந்து சிரித்தது. அந்தச் சிரிப்பு மேடத்தின் காதை விட்டுப் போகவே இல்லை. புள்ளி உட்கருதான் என்று அடித்துச் சொல்ல ஒரே வழிதான் இருந்தது: இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கும்போதே உறைந்துபோன செல்லைப் பிடிக்கவேண்டும். கூழ் சுருண்டால் உருண்டை ஆகலாம். நூல் நூலாகப் பிரிந்து இரண்டு பக்கம் விலகி நிற்காது. அப்படிப் பிரியும் செல்கள் வளரும் வேரின் நுனியில்தான் இருக்கும். நுனியோ குண்டூசி முனையளவு. மலையளவு கல்லில் அதைத் தேடவேண்டும்.

மூட்டை மூட்டையாகக் கல் வந்து இறங்கியது. அந்த நேரம் பார்த்து அறுப்பு மெஷினின் தண்ணீர் பம்பு எரிந்துபோனது.

கல் அறுக்கும்போது பிளேடின் மேல் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கவேண்டும். பிளேடு சூடாகாமல் இருக்க மட்டும் அல்ல, தூசியை அமுக்கவும் அதுதான் வழி. தண்ணீர் இல்லாமல் அறுத்தால் கல் புகையாகக் கிளம்பும். மேடம் புதுப் பம்பு கேட்டு நிர்வாகத்துக்கு நடையாய் நடந்தார். "கல்லறுக்கத் தண்ணி எதுக்கு? அது என்ன செடியா, வளர்றதுக்கு?" என்று நகைச்சுவை பண்ணிவிட்டு, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் அதிகாரி. அதற்குள், அதே மலையில் வேறொரு கூட்டமும் கல் பொறுக்குவதாகச் செய்தி வந்தது.

மேடம் கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

"பம்பு வர்ற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு இருந்தா நம்மளை முந்திடுவாங்க. கை கிரைண்டரை வச்சுக் கொஞ்ச நாள் சமாளிச்சுக்கலாமா?"

"சமாளிச்சுக்கலாம் மேடம்" என்றாள் மெல்லிசு.

யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. பட்டறையில் இதைவிட மோசமாகப் பார்த்தவள் அவள். அங்கேயும் தூசி பறக்கும், ஆனால் நாலு பக்கமும் திறந்த வெளி. இங்கே தகரக் கூரையும் ஒரே ஜன்னலும். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்தாள். நிர்வாகம் ஒருமுறை காகித முகமூடி கொஞ்சம் அனுப்பியது. நாடா அறுந்து, தீர்ந்து, அத்தோடு மறந்தும் போனது. சாயங்காலம் அவள் வெளியே வரும்போது தலைமுடி, புருவம், கைகளெல்லாம் வெள்ளை பூத்திருக்கும்.

"பவுடர் எல்லாம் பூசிக்கிட்டு எங்க கிளம்பிட்டீங்க?" என்பார் வாட்ச்மேன்.

"சினிமாவுலே நடிக்கக் கூப்பிட்டிருக்காங்க. பேய் வேஷம்" என்பாள் அவள்.

கொஞ்ச நாள் என்று தொடங்கியது வருஷக்கணக்கில் நீண்டது. மகள் படிப்பை முடித்து, வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்து, கல்யாணமும் ஆகி, ஒத்துவராமல் திரும்பியும் வந்துவிட்டாள். பம்பு மட்டும் வந்தபாடில்லை. மெல்லிசுக்கு விடியற்காலையில் இருமல் தொடங்கியிருந்தது. கூட்டத்தில் இருமினால் ஜனங்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வறண்ட இருமல்.

வேர்நுனி கிடைத்த நாள் ஒரு சாதாரண நாள். கையில் இருந்தது உதவாத கல் என்று ஓரமாக ஒதுக்கியிருந்த கல்தான். முகத்தை மட்டும் தேய்த்துப் பார்த்துவிட்டு எறியலாம் என்று அவள் தேய்த்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்க்க வந்த மேடம் லென்ஸை வைத்தார். அடுத்த நொடி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நிறுத்துங்க. நிறுத்துங்க. இனிமே கையே வைக்காதீங்க."

இன்னும் நாலு இழுப்பு இழுத்திருந்தால் நுனி பொடியாகியிருக்கும். அந்தக் கல்லிலிருந்து ஒரு தகட்டை எடுக்கச் சாப்பாட்டைக்கூட மறந்து உட்கார்ந்தாள். இருமல் வரும்போதெல்லாம் கல்லை மேஜையில் வைத்துவிட்டு, வெளியே போய் இருமித் தீர்த்துவிட்டு வந்தாள். கை அசைந்தால் போயிற்று. அறையை இருட்டாக்கி மேடம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். வைத்த கண்ணை எடுக்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறார் என்று மெல்லிசுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

அவளும் பார்த்தாள். வெளிர்ப் பழுப்பில் சின்னச் சின்ன அறைகள். சிலவற்றில் வழக்கமான புள்ளி. ஒன்றில் புள்ளி இல்லை; அந்த இடத்தில் நூல் துணுக்குகள் வரிசையாக நின்றன. பக்கத்து அறையில் அதே துணுக்குகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து, ஒன்றைவிட்டு ஒன்று பாதி தூரம் விலகி, அங்கேயே நின்றுவிட்டன.

"பாதியிலேயே நின்னுடுச்சே மேடம்."

"ஆமா. அடுத்த வேலையைப் பார்க்க விடலை."

படம் பத்திரிகைகளில் வந்தது. மேடத்தைத் தலைமேல் தூக்கிவைத்து ஆடினார்கள். பெரிய பேராசிரியரே நேரில் வந்து வெகுநேரம் பார்த்தார். "இருக்கலாம்" என்றார். அதற்குமேல் ஒரு சொல் அவரிடமிருந்து பெயரவில்லை. மேடத்துக்கு அதுவே போதுமாக இருந்தது. பாராட்டுக் கூட்டத்தில் மேடம் மெல்லிசையும் மேடைக்குக் கூப்பிட்டார். அவள் படியேறும்போது நடுவில் நின்றாள். எல்லோரும் கூச்சம் என்று நினைத்துக் கை தட்டினார்கள். அவளுக்கு மூச்சு வரவில்லை.

பக்கத்துத் தெரு டாக்டர் காசநோய் என்று சொல்லி மாத்திரை எழுதினார். சிறுநீர் சிவக்கச் சிவக்க விழுங்கியும் இருமல் அசையவில்லை, உடம்புதான் அசைந்தது. கன்னம் ஒட்டி, ரவிக்கை எல்லாம் தொளதொளத்து, மகள் ஒவ்வொன்றாகப் பிரித்துத் தைத்துக் கொடுத்தாள். "இப்பத்தான் வச்ச பேருக்குப் பொருத்தமா இருக்கீங்க" என்று வாட்ச்மேன் வாய் தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் தொண்டை வழியே குழாய் விட்டு நெஞ்சிலிருந்து ஒரு துணுக்கு எடுத்தார்கள். முடிவு சொல்ல வந்த டாக்டர் சின்ன வயதுக்காரி. "நுரையீரல்ல கல்தூசி படிஞ்சு தழும்பாயிடுச்சும்மா. என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டாள். மகள்தான் பதில் சொன்னாள். மெல்லிசு வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தாள்.

"என்கிட்ட எடுத்ததைச் சிலைடு போட்டிருப்பீங்களே. அதை நான் பாக்கலாமா?"

"அதெல்லாம் பேஷண்டுக்குக் காட்டுற வழக்கம் இல்லையேம்மா."

"ஒரே ஒரு தடவை. எனக்கு அதுதான் வேலை, டாக்டர்."

டாக்டருக்கு என்ன தோன்றியதோ, சோதனைக்கூடத்துக்குக் கூட்டிப் போனாள். சக்கர நாற்காலியை மேஜைக்குக் கிட்டத்தில் தள்ளி, மைக்ராஸ்கோப்பை அவள் உயரத்துக்கு இறக்கினாள். மெல்லிசு கண்ணை வைத்ததும் ஒரு நிமிஷம் பிரமித்துப்போனாள். பழுப்பையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவ்வளவு நிறம். ரோஜா நிறத்தில் தசை, அதில் வாரி இறைத்தாற்போல ஊதாப் புள்ளிகள்.

"இந்த ஊதா எல்லாம் உட்கருவா?"

"ஆமா. தெரியறதுக்காகச் சாயம் போட்டிருக்கோம்."

"எல்லாம் உயிரோட இருந்ததா?"

"எடுத்தப்போ உயிரோடதான் இருந்துச்சு."

டாக்டர் சிலைடை நகர்த்தினாள். ஊதாப் புள்ளிகள் குறைந்தன. வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினாற்போல வட்டத்துக்குள் வட்டமாக இறுகிப்போன முடிச்சுகள் வந்தன. நடுவில் புள்ளியும் இல்லை, அறையும் இல்லை, ஒன்றுமே இல்லை. பிறகு டாக்டர் எதையோ திருகினாள். வெளிச்சம் அணைந்தது. அந்த இருட்டில் பொடிப்பொடியாக மினுக்கிக்கொண்டு சில துகள்கள் தெரிந்தன. மெல்லிசுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தகடு சரியான கனத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்க, தினமும் அவள் இதேபோல் வெளிச்சத்தைத் திருகித்தான் பார்ப்பாள். அப்போது கல் இப்படித்தான் மினுக்கும்.

"இது எங்க கல்லு" என்றாள்.

டாக்டர் வெளிச்சத்தைத் திரும்பப் போட்டாள்.

"எடுத்துட முடியாதா?"

"முடியாதும்மா. இனிமே தூசிப் பக்கம் போகாம இருந்தாலும், உள்ள போனது அது வேலையைப் பார்த்துக்கிட்டேதான் இருக்கும். மூச்சுக்குச் சிரமம் இல்லாம பார்த்துக்கலாம். அவ்வளவுதான் எங்களால முடியும்."

மெல்லிசு இன்னொரு முறை பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். "நல்லா சீவியிருக்காங்க. கீறலே இல்லை. சீவினது யாரோ, அவங்ககிட்ட சொல்லிடுங்க" என்றாள். மகள் அறைக்கு வெளியே போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள்.

மகள் சும்மா விடுவதாக இல்லை. வேலையால் வந்த நோய் என்று ஒப்புக்கொள்ளவேண்டும், வைத்தியத்தை நிர்வாகமே பார்க்கவேண்டும் என்று மனு கொடுத்தாள். விசாரணை வைத்தார்கள். நீளமேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள். இந்தப் பக்கம் மெல்லிசும், காலடியில் அவளுடைய ஆக்ஸிஜன் சிலிண்டரும். தண்ணீர் விட்டுத்தான் அறுப்பு நடந்தது, முகமூடி கொடுத்தோம், இந்தம்மா முன்பு வேலை பார்த்த பட்டறையில் வந்த சீக்காக இருக்கும் என்று நிர்வாகம் ஒரே போடாகப் போட்டது. வாட்ச்மேனைக் கூப்பிட்டார்கள். "எனக்கு வாசலுக்கு உள்ளே நடக்குறது தெரியாதுங்க" என்றார் அவர், மெல்லிசின் பக்கம் திரும்பாமல். ஒப்பந்த வேலை, அவருக்கும் வீட்டில் ஆறு வாய்.

மேடத்தை நம்பித்தான் மகள் வந்திருந்தாள். ஆனால் முந்தின நாளே அருங்காட்சியக இயக்குநர் மேடத்தைக் கூப்பிட்டுப் பேசியிருந்தார். நிர்வாகத்தின் மேல் தப்பு என்று ஆகிவிட்டால் கொட்டகையை இழுத்துப் பூட்டவேண்டியதுதான், கல்லெல்லாம் நிலவறைக்குப் போகும், தண்ணீர் இல்லாமல் அறுக்கச் சொன்னது யார் என்ற கேள்விதான் முதலில் வரும் என்று இதமாகவே சொல்லியிருந்தார்.

"பம்பு ஓடவே இல்லைன்னு சொல்றாங்களே?" என்று அதிகாரி கேட்டார்.

மேடம் கழுத்து லென்ஸைப் பிடித்துக்கொண்டார். "தண்ணி விட்டு அறுக்கிறதுதான் எங்க முறை. அப்பப்போ பழுதாகும். சரி பண்ணிடுவோம்."

"பொய்!" என்று மகள் எழுந்து கத்தினாள். "உடம்பெல்லாம் வெள்ளையா அம்மா வீட்டுக்கு வருவாங்க, தலையை நான் தேய்ச்சு விட்டிருக்கேன்! உங்களுக்கு மனசாட்சியே இல்லையா?" உட்காரச் சொன்னார்கள். மெல்லிசுக்கும் சொல்ல இருந்தது. வாயைத் திறந்தாள், இருமல்தான் வந்தது. அது நின்று அவள் தலையைத் தூக்குவதற்குள் மேடம் போய்விட்டார். நோய் வேலையால்தான் வந்தது என்பதற்குச் சான்று போதாது என்று முடித்துவிட்டார்கள்.

மேடம் வீட்டுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். இத்தனை வருஷத்தில் முதல் முறை. முன்னறையில் கிடந்த வெட்டுத்துணிகளை மிதிக்காமல் கடந்து வரத் தெரியாமல் வாசலிலேயே தயங்கினார். மகள் மெஷினை நிறுத்தவில்லை, நிமிரவும் இல்லை. உள்ளேயிருந்து மெல்லிசின் குரல் கேட்டது.

"வரச் சொல்லு."

படுக்க முடியாததால் தலையணைகளை அடுக்கி, சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மேடம் ஸ்டூலில் உட்கார்ந்தார். மெல்லிசுதான் முதலில் கேட்டாள்.

"கொட்டகையில இப்போ யாரு?"

"புதுசா ஒருத்தர் வந்திருக்காரு." மேடம் குனிந்துகொண்டார். "பம்பும் வந்துடுச்சு."

மெல்லிசு சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, உதடு நீலம் பாரித்தது. மகள் ஓடிவந்து சிலிண்டரைத் திருகிவிட்டு முதுகை நீவினாள். மூச்சு ஒருவாறு திரும்பியதும் மெல்லிசு மேடத்தை நேராகப் பார்த்தாள்.

"பம்பு ஓடலைன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அங்கே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்" என்றார் மேடம். "பயந்துட்டேன். கல்லையெல்லாம் எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்களோன்னு பயந்துட்டேன்."

"இதை இப்ப வந்து அவங்ககிட்ட சொல்லுங்க" என்றாள் மகள். "வண்டி நானே பிடிக்கிறேன். கிளம்புங்க."

மேடம் எழுந்தார். வாசல்வரை போய், திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கிப் போய்விட்டார். இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார் என்று மகள் நினைத்தாள். அடுத்த வாரம் திரும்பவும் வந்து நின்றார். அதற்கடுத்த வாரமும் வந்தார். வரும்போதெல்லாம் சிலைடு படங்களைக் கொண்டுவந்து, படுக்கையில் பரப்பி, எந்தக் கல்லில் என்ன தெரிகிறது என்று சொல்வார். மெல்லிசு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பாள். "இது கனம் அதிகம். இன்னும் தேய்க்கச் சொல்லுங்க" என்பாள். அந்த ஒரு மணி நேரம் அவள் மூச்சைப் பற்றிப் பேசமாட்டாள்.

மகளால் பொறுக்க முடியவில்லை.

"உன்னைக் குழியில தள்ளினவளை எதுக்கும்மா நடுவீட்ல உட்காரவைக்கிற?"

"பின்னே, அந்த வேரைப் பத்தி உன் தையல் மெஷின்கிட்டயா பேசுறது?" மெல்லிசு நிறுத்தி நிறுத்தித்தான் பேசினாள். "அவங்க பண்ணதை நான் மறக்கலை. மன்னிக்கவும் இல்லை. ஆனா அதைப் பாத்தது உலகத்துலயே முதல்ல நாங்க ரெண்டு பேர்தான்டி. வேற யாருகிட்ட போய்ச் சொல்லுவேன்?"

மகளுக்கு அது புரியவே இல்லை. புரியவேண்டும் என்று மெல்லிசும் எதிர்பார்க்கவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் ஒரு காலை. மகள் முன்னறையில் யாருடைய பள்ளிச் சீருடையையோ தைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே அம்மா மூச்சு இழுக்கும் சத்தம், மெஷின் சத்தத்தோடு சேர்ந்து அவள் காதுக்குப் பழகிப்போயிருந்தது. நூல் அறுந்ததால் மெஷினை நிறுத்தினாள். வீடு நிசப்தமாக இருந்தது. நூலைக் கோக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

சாவுக்கு மேடம் வந்தார். மகள் வாசலில் மறித்து, "நீங்க வெளியிலேயே நில்லுங்க" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் தெருவுக்கே கேட்டது. மேடம் எதிர்வீட்டுச் சுவரோரம், உச்சி வெயிலில், உடம்பை எடுக்கும்வரை நின்றார். யாரும் அவருக்கு நாற்காலி போடவில்லை. வாட்ச்மேன் மட்டும் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார். பிறகு அவரும் அங்கேயே நின்றுவிட்டார், உள்ளே வரவில்லை.

அம்மாவின் பொருள்களை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி ஆள் வந்து சொன்னதால், சில வாரம் கழித்து மகள் அருங்காட்சியகத்துக்குப் போனாள். கொட்டகையை அதுவரை அவள் பார்த்ததே இல்லை. இவ்வளவு சின்ன இடமா என்றிருந்தது. நடுத்தர வயது ஆள் ஒருவர் தண்ணீர் சொட்டச் சொட்ட மெஷினை நிறுத்திவிட்டு வந்தார். செருப்பு, ரப்பர் ஏப்ரன், ஒரு காது உடைந்த மூக்குக்கண்ணாடி. எல்லாவற்றையும் பையில் போட்டுத் தயாராக வைத்திருந்தார்.

"நீங்க அவங்க மகளா? அவங்க சீவி வச்ச தகடெல்லாம் மேடம் காட்டினாங்க. என்ன கையிங்க அது! நானும் தலைகீழா நின்னு பாக்குறேன், அந்த மெல்லிசு எனக்கு வரமாட்டேங்குது" என்றார். "உடம்பு சரியில்லைன்னு சொன்னாங்க. தேவலையானதும் ஒரு நடை வந்து காட்டச் சொல்லுங்களேன்."

மகள் மேடத்தின் அறைப் பக்கம் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது. பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"சொல்றேங்க" என்றாள்.